உடைக்கறதுக்குன்னே ஒரு பொம்மை!

ரெக்கார்டு நோட்டை சப்மிட் பண்ணாததுக்கு நீங்க என்னென்ன காரணம் சொல்லியிருப்பீங்க? பஸ்ல விட்டுட்டேன், தம்பி டீயைக் கொட்டிட்டான், ஃப்ரெண்டு வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தரலை... நானும் ஒரு காரணம் சொன்னேன். 'மேடம், என் ரெக்கார்டைக் கிளி கடிச்சுக் கிழிச்சிடுச்சு!'

கிளாஸே கொல்லுனு சிரிச்சது. மேடம் சிரிக்கலை. நானும் சிரிக்கலை. ஏன்னா, அது நிஜம். நோட்டோட முதுகுப் பக்கம் மொத்தமும் பொடிப்பொடியா, ஏதோ எலி புகுந்த மாதிரி கிடந்தது. செஞ்சது 'வாலு'. மொத்த எடை நூறு கிராம்கூட வராத ஒரு ஜீவன்.

வாலு ஒரு காக்கடீல். கடைக்காரங்க பலர் 'காக்டெயில்'னுதான் சொல்வாங்க. உடனே வேற எதையும் நினைச்சிடாதீங்க மக்களே! சாம்பல் கலர் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்துல ஆரஞ்சுப் பொட்டு. சொந்த ஊர் ஆஸ்திரேலியா. கிளி வகைதான். நம்ம ஊர் பச்சைக்கிளி இல்லை. பச்சைக்கிளியைப் பிடிக்கறது, விக்கறது, கூண்டுல வளர்க்கறது எல்லாமே 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'எங்க ஆச்சி வீட்டுல வளர்த்தாங்களே'ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. அது மரத்துலயே இருக்கட்டும்.

வாலு எங்கிட்ட வந்த கதை சிம்பிள். 2024 ஜூன் மாசம், ஒரு சீனியர் அக்காவுக்கு பெங்களூருல வேலை கிடைச்சது. 'நீ பார்த்துக்கறியாடி?'ன்னு கேட்டாங்க. யோசிக்காம தலையாட்டிட்டேன். பாளையங்கோட்டையில இருந்து எங்க ஊர் அம்பாசமுத்திரத்துக்குக் கூண்டை மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, 'ஜோசியம் பாப்பியா தாயி?'ன்னு கேட்டாங்க. அந்த அளவுக்கு இருந்தது நம்ம கெத்து!

அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிஞ்சது. நல்லாப் பார்த்துக்கிட்டா காக்கடீல் 15, 20 வருஷம்கூட இருக்கும். டிகிரி நாலு வருஷம். கணக்கு போட்டுப் பாருங்க. 'க்யூட்டா இருக்கே'ன்னு வாங்கற யாரும் இந்தக் கணக்கைப் போடறதில்லை. நானும் போடலை.

சும்மா இருப்பதே நோய்!

நான் காலையில ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சா, வீடு திரும்ப சாயங்காலம் ஆறு ஆகிடும். அதுவரைக்கும் வாலுவுக்கு என்ன வேலை? ஒரு குச்சி, ஒரு தண்ணிக் கிண்ணம், ஒரு தினைக் கிண்ணம். அவ்வளவுதான். ரெண்டு மாசத்துல நெஞ்சுப் பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுக்கை விழுந்தது. தன் இறகைத் தானே பிடுங்கிக்கிட்டு இருந்தது!

காட்டுல ஒரு கிளியோட நாளை நினைச்சுப் பாருங்க. இரை தேடிப் பறக்கணும், கொட்டையை உடைக்கணும், பட்டையை உரிக்கணும், பொந்தைக் குடையணும். பகல்ல பல மணி நேரம் இதுலயே போயிடும். நாம என்ன பண்றோம்? தினையைக் கிண்ணத்துல கொட்டி மூக்குக்கு நேரா வெச்சுடறோம். பத்து நிமிஷத்துல சாப்பாடு முடிஞ்சது. மிச்ச நேரம்? வேலையில்லாத அலகு சும்மா இருக்குமா? ரெக்கார்டு நோட்டு கிடைச்சா நோட்டு. இல்லைன்னா சொந்த இறகு.

இது என் கற்பனை இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல, இளம் அமேசான் கிளிகளை வெச்சு நடத்துன ஒரு ஆராய்ச்சி 2003-ல வெளியாச்சு. கடிக்க, ஏற, தேடித் தின்ன வசதி செஞ்சு கொடுத்த கிளிகள் இறகைப் பிடுங்கறது குறைஞ்சது. வெறும் கூண்டுல இருந்ததுங்களுக்கு இறகு மோசமாயிட்டே போச்சு. மருந்து இல்லை, மாத்திரை இல்லை. வேலை கொடுத்தாங்க, அவ்வளவுதான்! (ஆனா ஒண்ணு. இறகு பிடுங்கறதுக்கு உடம்புக் கோளாறும் காரணமா இருக்கலாம். அதனால, முதல்ல டாக்டர். அப்புறம்தான் பொம்மை.)

நான் செஞ்ச விஷ பொம்மை

சரி, பொம்மை செஞ்சுடலாம்னு இறங்கினேன். மாடியில துணி காயப் போடற ஜி.ஐ. கம்பி மிச்சம் இருந்தது. சின்ன வயசுல பரதநாட்டியம் கத்துக்கிட்டப்போ கட்டின சலங்கையில இருந்து நாலு மணி. ஒரு பழைய கீ செயின் வளையம். பக்கத்து வீட்டு அலமாரி வேலையில மிஞ்சின ப்ளைவுட் துண்டு. அதுக்கு மேல சிவப்பு பெயின்ட். தொங்க விட்டேன் பாருங்க... சும்மா சொல்லக் கூடாது, கடையில ஐந்நூறு ரூபாய்க்கு விக்கற மாதிரி இருந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்லயும் போட்டாச்சு!

வாலுவுக்கும் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. முக்கியமா, அந்தக் கம்பி. அலகால கவ்வி 'கிர்ர் கிர்ர்'னு தேய்ச்சுக்கிட்டே இருக்கும். கம்பி மேல இருந்த வெள்ளிப் பூச்சு உரிஞ்சுக்கிட்டு வந்தது. 'ஆஹா, என்ன ரசனை!'ன்னு நான் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தேன்.

ரெண்டு வாரம் இருக்கும். ஒருநாள் காலையில வாலு கூண்டோட அடியில உக்காந்திருந்தது. உடம்பு பந்து மாதிரி உப்பி, கண்ணு பாதி மூடி. கூப்பிட்டா கொண்டை எழும்பலை. எச்சம் தண்ணியா, கரும்பச்சையா இருந்தது. அன்னிக்கு எனக்கு இன்டர்னல் டெஸ்ட். போகலை. அதே கூண்டு, அதே பஸ், அதே மடி. ஆனா இந்தத் தடவை ஜோசியம் கேட்க யாரும் இல்லை.

திருநெல்வேலியில டாக்டர் எக்ஸ்-ரே எடுத்துக் காட்டினார். வயித்துக்குள்ள ஊசிமுனை அளவுல வெள்ளைப் புள்ளிகள். 'உலோகத் துணுக்கு. கூண்டுல கம்பி ஏதாவது கட்டினியாம்மா?'

எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு. ஜி.ஐ. கம்பின்னா இரும்புக்கு மேல துத்தநாகப் பூச்சு. அது உரிஞ்சு உள்ளே போனா பறவைக்கு விஷம். மணியிலயும் அதேதான். பித்தளைன்னாலே செம்பும் துத்தநாகமும் கலந்ததுதானே? பன்னிரண்டாம் வகுப்பு கெமிஸ்ட்ரியில உலோகக் கலவை படிச்சிருக்கேன். மார்க் வாங்கத்தான் அது உதவினது.

உடம்புல ஏறின உலோகத்தைப் பிடிச்சு வெளியேத்தற ஊசி போட்டாங்க. பல நாள் போய் வந்தோம். வாலு பிழைச்சுக்கிச்சு. 'இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்'னு டாக்டர் சொன்னது மட்டும் இன்னும் காதுல இருக்கு. பாசத்துல செஞ்சதுதான். ஆனா, பாசத்துக்கும் விஷத்துக்கும் நடுவுல 'தெரிஞ்சுக்கறது'ன்னு ஒண்ணு இருக்கே, அதைத்தான் நான் செய்யலை.

தாத்தா எடுத்த கிளாஸ்

இங்கேதான் எங்க தாத்தா என்ட்ரி. எங்க ஊர் அம்பை, மரச்செப்புச் சாமானுக்குப் பேர் போனது. குட்டி அம்மி, குட்டி உரல், குட்டி அடுப்பு வெச்சு சின்ன வயசுல விளையாடியிருப்பீங்களே, அதேதான். தாத்தா ஐம்பது வருஷம் கடைசல் பட்டறையில அதைச் செஞ்சவர். சுழலும் கட்டையில உளியை வெச்சு உருவம் எடுப்பார். அப்படியே அரக்குக் குச்சியை வெச்சு அழுத்துவார். அந்தச் சூட்டுல அரக்கு உருகி, கலர் வழவழன்னு ஏறும். பிளாஸ்டிக் பொம்மை வந்ததும் ஆர்டர் குறைஞ்சது. கண்ணும் மங்க, பட்டறையைப் பூட்டி ஆறு வருஷம் ஆச்சு.

என் 'கலைப்படைப்பை' கையில வாங்கிப் புரட்டிப் பார்த்தார் தாத்தா. 'ஏட்டி, இது பாக்கறதுக்குச் செஞ்சதா, கடிக்கறதுக்குச் செஞ்சதா?'

நான் பேசலை.

'பிள்ளைய வாயில வைக்காத சாமான் உண்டாட்டி? சொப்பு கையில குடுத்ததும் நேரா வாய்க்குத்தான போவும். நாங்க ஆணி அடிக்க மாட்டோம். கூரா விட மாட்டோம். வாயை நெனச்சுத்தான் கடையணும். உன் கிளிக்குக் கையே கெடையாது. அதுக்கு வாய்தான கை?'

மூணு வருஷம் இன்ஜினீயரிங் படிச்சு எனக்குத் தோணாத டிசைன் பாடத்தை, எட்டாம் கிளாஸ் தாண்டாத மனுஷன் ஒரே வரியில முடிச்சுட்டார். வாயை நினைச்சு செய். அதுக்கப்புறம் ஒவ்வொரு பொருளையும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் எடுத்தோம்: 'இது பொடியாகி வயித்துக்குள்ள போனா என்ன ஆகும்?'

நீங்களும் செய்யலாமா? தாராளமா!

மரம்: எங்க வீட்டு முருங்கைக் கிளைதான் முதல் சாய்ஸ். மெத்துனு இருக்கும், கடிச்சா உதிரும். காக்கடீல் மாதிரி சின்ன அலகுக்கு அதுதான் சரி. கொய்யா, வேப்பங்குச்சி, மூங்கில், சவுக்கு இதெல்லாமும் கொடுக்கலாம். பூச்சிமருந்து அடிச்ச மரம், ரோட்டோரப் புகை குடிச்ச மரம் வேண்டாம். வெட்டினதும் நல்லாத் தேய்ச்சுக் கழுவி, கொதிக்கிற தண்ணியில போட்டெடுத்து, மூணு நாள் நல்ல வெயில்ல காய வைங்க. உள்ளே ஈரம் நின்னா பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடிச்ச கட்டையைக் கழுவிப் பார்க்காதீங்க, தூக்கிப் போட்டுடுங்க.

தொடவே கூடாத மரம்: அரளி. இலை, பூ, பட்டை, கட்டை எல்லாமே விஷம். எருக்கு, காட்டாமணக்கு, கல்யாண முருங்கை கூடவே கூடாது. 'முருங்கை'ங்கற பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, அது வேற குடும்பம், இது வேற குடும்பம். பேர் தெரியாத மரம் எல்லாமே 'வேண்டாம்' லிஸ்ட்தான்.

பலகை: ப்ளைவுட், எம்.டி.எஃப். ரெண்டும் பசையில ஒட்டினது. நோ என்ட்ரி! மெஷின் வர்ற பேக்கிங் பெட்டியில பைன் பலகை கிடைக்கும். மேல ஒரு முத்திரை இருக்கும், பாருங்க. 'எச்.டி.'ன்னா சூடுபடுத்திப் பூச்சியை அழிச்ச மரம், எடுக்கலாம். 'எம்.பி.'ன்னா மீத்தைல் புரோமைடு வாயு அடிச்ச மரம், வேண்டவே வேண்டாம். எச்.டி. பலகையா இருந்தாலும் எண்ணெய்க் கறை, கெமிக்கல் வாடை இருந்தா வெச்சுடுங்க. ஆணியை ஒண்ணுவிடாம எடுத்துடுங்க.

கலர்: பெயின்டும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். தாத்தாகிட்ட பழைய அரக்குக் குச்சி கொஞ்சம் மிச்சம் இருந்தது. 'பூசட்டுமா தாத்தா?'ன்னு கேட்டேன். 'இதுல என்ன சாயம் கலந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாதுட்டி. வெறுங்கட்டையாவே குடு' அப்படின்னார். தன் தொழிலைப் பத்தி இவ்வளவு நேர்மையா பேச எத்தனை பேருக்கு வரும்? கலர் வேணும்னு தோணினா பீட்ரூட் சாறு, மஞ்சள் தண்ணி இருக்கு. ஊற வெச்சுக் காய வெச்சா போதும்.

கம்பி, கயிறு: ஜி.ஐ., பித்தளை, ஈயம், கீ செயின் எதுவுமே வேண்டாம். எவர்சில்வர் போல்ட், நட், வாஷர்னு கேட்டு வாங்குங்க. கோர்க்கறதுக்கு நாங்க பனைநார் எடுத்தோம். தண்ணியில ஊற வெச்சா வளைஞ்சு கொடுக்கும், முடிச்சு நிக்கும். நூல் பிரியற காட்டன் கயிறும் நைலானும் ஆபத்து. பிரிஞ்ச நூல் விரல்ல சுத்தி ரத்த ஓட்டத்தையே நிறுத்திடும். வளையம் போட்டா தலையே நுழையாத அளவுக்குச் சின்னதா போடுங்க, இல்லை உடம்பு முழுசும் தாராளமா போய் வர்ற அளவுக்குப் பெருசா போடுங்க. நடுத்தர சைஸ்தான் கழுத்துல மாட்டும். சலங்கை மணியோட கீறலும் அப்படித்தான், விரல் போகும், திரும்ப வராது.

இப்போ செய்முறை. முருங்கைக் கிளையை ஒரு சென்டிமீட்டர் தடிமன்ல வில்லை வில்லையா அறுத்துக்குங்க. நடுவுல ஓட்டை. கலர் போடாத புது ஐஸ் குச்சியிலயும், பாக்குமட்டைத் தட்டை வெட்டின துண்டுலயும் ஓட்டை போட்டுக்குங்க. ஒரு வில்லை, ரெண்டு குச்சி, ஒரு மட்டைன்னு மாத்தி மாத்திக் கோர்த்து, மொத்தமா ஒரு ஜாண் நீளத்துல நிறுத்திடுங்க. மேல ஒரு எவர்சில்வர் போல்ட். முடிஞ்சது வேலை!

இன்னொண்ணு, இதைவிட ஈஸி. அரைச் சிரட்டையை நார் போகச் சுரண்டி, விளிம்பை மழுங்கத் தேய்ச்சு, உள்ளே கொஞ்சம் தினை போடுங்க. மேல அச்சடிக்காத வெள்ளைப் பேப்பரைக் கசக்கி அடைச்சிடுங்க. ஸ்டேப்ளர் பின் இருக்கவே கூடாது. பேப்பரை இழுத்துப் போட்டாத்தான் சாப்பாடு. அன்னிக்குப் பத்து நிமிஷத்துல முடிஞ்ச டிபன், இதுல அரை மணி நேரம் ஓடும். ஹோம்வொர்க் முடிச்சாத்தான் சாப்பாடுங்கற நம்ம அம்மா டெக்னிக்தான்!

செஞ்ச கையோட கூண்டுக்குள்ள திணிச்சிடாதீங்க. புதுப் பொருளைப் பார்த்தா காக்கடீல் மிரளும். ரெண்டு மூணு நாள் கூண்டுக்கு வெளியே, கண்ணுல படற மாதிரி வைங்க. நீங்களே கையில வெச்சு விளையாடிக் காட்டுங்க. உள்ளே மாட்டின முதல் நாள் பக்கத்துலயே இருங்க. தினமும் ஒரு தடவை பொம்மையைத் தொட்டுப் பாருங்க. பிரிஞ்ச நார், கூரான சிம்பு, எச்சம் ஒட்டின துண்டு இருந்தா எடுத்துடுங்க.

சம்பளம் என்ன தெரியுமா?

அலெக்ஸ்னு ஒரு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. ஐரீன் பெப்பர்பெர்க்னு ஒரு ஆய்வாளர் 1977-ல அதை ஒரு கடையில வாங்கினாங்க. 2007-ல அது சாகற வரைக்கும், முப்பது வருஷம், பொருளோட பேர், நிறம், வடிவம்னு சொல்லிக் கொடுத்தாங்க. சரியாச் சொன்னா அலெக்ஸுக்குப் பரிசு என்ன தெரியுமா? எந்தப் பொருளோட பேரைச் சொன்னதோ, அதே பொருள்! மரம்னு சொன்னா மரத்துண்டு. பேப்பர்னு சொன்னா பேப்பர். கடிச்சு விளையாட அதைக் கையில கொடுத்துடுவாங்க. உலகத்துலயே அதிகம் பேசப்பட்ட கிளிக்கு ஒரு மரத்துண்டே சம்பளம்னா, நம்ம வீட்டுக் கிளிக்கு அது எவ்வளவு பெருசுன்னு பார்த்துக்குங்க.

தாத்தாகிட்ட இதைச் சொன்னேன். ஒண்ணும் பேசாம எழுந்து போய்ப் பட்டறையைத் திறந்தார். தூசி தட்டி, மோட்டாரைப் போட்டு, சுண்டைக்காய் சைஸ்ல பத்து மணி கடைஞ்சார், பெயின்ட் இல்லாம. ரொம்ப வழவழப்பா எடுத்தப்போ, 'வேண்டாம் தாத்தா, அலகுக்குப் பிடிமானம் வேணும்'னேன். 'வழவழப்பு வேண்டாம்னு சொன்ன மொத ஆளு நீதான்'னு முனகிட்டே சொரசொரப்பா விட்டார்.

முருங்கை வில்லைகளுக்கு நடுவுல அந்த மணிகளைக் கோர்த்துத் தொங்க விட்டோம். ரெண்டே நாள்தான். முருங்கை மொத்தமும் தூள். மணி ரெண்டுல பல்லுப் பல்லா அலகுத் தடம். கூண்டுக்கு அடியில ஒரு கைப்பிடி மரத்தூள்.

எனக்கு பயம்தான். பேத்தியோட கல்யாணத்துக்கும் இருக்கணும்னு நினைச்சு சாமான் செஞ்ச மனுஷன் அவர். தூளைப் பார்த்தா வருத்தப்படுவாரோ? தாத்தா குனிஞ்சு கொஞ்சம் அள்ளி, உள்ளங்கையில வெச்சுப் பார்த்தார்.

'பரவாயில்லையே... நல்ல கிராக்கி! நான் கடைஞ்ச சாமான் ஒடையாம கெடந்துதான் யாவாரம் படுத்துச்சு. இவன் ரெண்டு நாளைக்கு ஒருக்கா புதுசு கேக்கான்!'

இப்போ ஞாயித்துக்கிழமை காலையில எங்க பட்டறையில மோட்டார் சத்தம் கேட்கும். வாரம் பத்து மணி, ஒரே கஸ்டமர், பில் கிடையாது. வாலுவோட நெஞ்சுல இறகு முளைச்சிருக்கு. முழுசா இல்லை, நடுவுல ஒரு கடுகு அளவுக்கு இடம் இன்னும் வழுக்கைதான். அதைப் பார்க்கறப்பல்லாம் அந்த ஜி.ஐ. கம்பி எனக்கு ஞாபகம் வரும். வரட்டும்.

உங்க வீட்டுலயோ, பக்கத்து வீட்டுலயோ ஒரு கிளி இருந்தா, இந்த வாரம் அந்தக் கூண்டை ஒரு தடவை எட்டிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். உள்ளே மின்னற கம்பியோ மணியோ தொங்கினா கழட்டிடுங்க. அந்த இடத்துல காய்ஞ்ச முருங்கைக் குச்சி ஒண்ணைச் செருகுங்க. அஞ்சு பைசா செலவில்லை.

அப்புறம், ரெக்கார்டு நோட்டை மட்டும் பீரோவுக்குள்ள வைங்க. அந்த விஷயத்துல வாலு இன்னும் திருந்தலை!